அம்புக்குக் கூர் தீட்டியது யார்?

கேள்வி: வில்லால் வேட்டையாடுகிறவர்கள் அம்புமுனையைச் சாணை பிடித்து, சவரக் கத்தி பதத்தில் வைத்திருப்பார்களாமே? குத்துவதற்குக் கூரான நுனி ஒன்று போதாதா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. துப்பாக்கிக் குண்டு வேகத்தால் கொல்கிறது. பட்ட இடத்தைச் சுற்றியிருக்கும் சதையையும் சேர்த்துச் சிதைத்துவிடும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. ரத்தக்குழாய்களை அறுத்தால்தான் அதன் வேலை முடியும். ஊசி போன்ற நுனி சதையை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், அவ்வளவுதான். இருபக்கமும் விளிம்புள்ள அகன்ற அலகோ போகிற வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போகும். வேட்டை அம்புக்கு 'பிராட்ஹெட்' எனப்படும் அகன்ற முனையைப் பொருத்துவது இதற்காகத்தான்.

அலகு மழுங்கியிருந்தால் அறுக்காது, பிய்க்கும். பிய்ந்த காயத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். அடிபட்ட மான் தப்பி ஓடி, எங்கோ புதரில் கிடந்து அவதிப்படும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் அம்புமுனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், கூர் தீட்டியும் இருக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் முதன்முதலில் அம்பைக் கூர் தீட்டியவர் யார்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெயர் சொல்ல முடியாத அளவுக்குப் பழைய ஆசாமி. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் சுமார் 64,000 ஆண்டுப் பழமையான சிறு கல்முனைகள் கிடைத்துள்ளன. அவற்றை அம்புமுனைகள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலங்கையில் களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன் குகையில், எலும்பைத் தேய்த்துக் கூராக்கிய முனைகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 48,000 ஆண்டு. மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் அடிக்க அவை பயன்பட்டிருக்கின்றன.

கூர் தீட்டும் கருவியோடு நமக்குக் கிடைத்த மனிதர் ஒருவர் உண்டு. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட 'ஓட்சி'. இறந்து சுமார் 5,300 ஆண்டு ஆகிறது. அவருடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள். அதில் இரண்டுக்குத்தான் முனை பொருத்தியிருந்தது. கூடவே ஒரு மரக்குச்சி. அதன் நடுவே, பென்சிலுக்குள் கரி இருப்பதுபோல, மான்கொம்புத் துண்டைச் செருகியிருந்தார். சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பில் அந்தக் கொம்பு நுனியை வைத்து அழுத்தினால் மெல்லிய செதில் தெறிக்கும். தெறித்த இடத்தில் புது விளிம்பு பிறக்கும். கல்லுக்குச் சாணை என்றால் இதுதான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கருவி கொஞ்சம் சிறுத்துவிடும். ஓட்சியின் கருவிகள் அப்படித் தீட்டித் தீட்டித் தேய்ந்துபோனவை.

அவரைக் கொன்றதும் ஒரு கல் அம்புதான். இடது தோளில் புகுந்து, காறை எலும்புக்குக் கீழே ஓடும் தமனியைக் கிழித்திருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை அவர் உடம்பிலேயே படிக்கலாம்.

கேள்வி: இரும்பு முனை வந்த பிறகு அதை யார் செய்து கொடுத்தார்கள்? இலங்கை வேடர்கள் தாங்களே செய்துகொண்டார்களா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: இரும்பு வந்ததும் அம்புமுனை வேட்டைக்காரன் கையிலிருந்து கொல்லர் கைக்குப் போய்விட்டது. கூடவே தரம் பற்றிய சண்டையும் வந்தது. இங்கிலாந்தில் நான்காம் ஹென்றி காலத்தில், 1405-06-இல், ஒரு சட்டம் போட்டார்கள். முனையை எஃகால் கடினப்படுத்த வேண்டும், செய்தவர் தன் முத்திரையைப் பதிக்க வேண்டும், மட்டமாகச் செய்தால் தண்டனை என்றது அது.

வேடர்களின் ஏற்பாடு வேறு மாதிரி. 1660-இல் கொட்டியாற்றில் பிடிபட்டுக் கண்டி ராஜ்ஜியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் இருந்த ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். வேடர்கள் இரவில் வந்து கொல்லர் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே, தங்களுக்கு வேண்டிய முனையின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலை. கொல்லர் அந்த அளவுக்கு அடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் மேலும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால்? இன்னொரு இரவில் அம்பு வரும். வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அந்தக் காலத்தில் அப்படி!

கேள்வி: இப்போது கடையில் விற்கும் பிளேடு வைத்த அம்புமுனை யாருடைய யோசனை?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பலர் கைமாறி வந்தது. 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே பசியோடு வந்து நின்றார் யாகி பழங்குடியின் கடைசி மனிதர். 'இஷி' என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கியிருந்தபோது எரிமலைக் கண்ணாடியிலும், அது இல்லாவிட்டால் சாதாரண பாட்டில் கண்ணாடியிலும் அம்புமுனை செதுக்கிக் காட்டுவார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் வில்வித்தையை அவரிடம் கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923-இல் வில் வேட்டை பற்றிப் புத்தகம் எழுத, அவருடைய கூட்டாளி ஆர்ட் யங் அலாஸ்கா வேட்டையைப் படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினார். டெட்ராய்ட்டில் அந்தப் படத்தைப் பார்த்த இளைஞர் ஃப்ரெட் பேர். பின்னாளில் வில் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கிய அவர், 1956-இல் 'ரேஸர்ஹெட்' என்ற முனையை விற்பனைக்கு விட்டார். பெரிய அலகின் குறுக்கே செருகிக்கொள்ள மெல்லிய சிறு பிளேடு ஒன்றும் உண்டு. அலகு முழுவதையுமே கழற்றி மாற்றும் முனைகள் 1970-களில் பரவின. தீட்டத் தெரியாதவரும் வேட்டைக்குப் போகலாம் என்ற நிலை அப்போது வந்தது.

கேள்வி: கையால் தீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா? எப்படித் தீட்டுகிறார்கள்?
— வாசகர், சேலம்

பதில்: நிறையப் பேர். ஈரலகு முனையென்றால் முதலில் அரம். ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி சாய்வு. சாய்வு சரியா என்று பார்க்க, விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி ஓர் இழுப்பு இழுப்பார்கள். விளிம்பு நுனிவரை மை போயிருந்தால் சரி; மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் கையைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க எதிர்ப்பக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்புறமாகத் தடவினால் தட்டுப்படும். பிசிறு முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அடுத்து நயமான சாணைக்கல். கடைசியில் பிசிறு போக, தோல்வாரில் பின்னோக்கி இழுப்பு. மூன்று அலகு முனை இன்னும் சுலபம். இரண்டு அலகுகளைச் சேர்த்துக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் 60 டிகிரி தானாக அமைந்துவிடும்.

சோதனைக்கு இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டு போதும். அழுத்தாமல் தொட்டதும் அறுந்தால் தேறிவிட்டது. பயிற்சிக்கு ஒரே ஒருமுறை எய்திருந்தாலும் மறுபடி தீட்டியாக வேண்டும்.

கேள்வி: வில் வேட்டையை நாமும் முயன்று பார்க்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உங்களை விடாது. வில் பிடிக்க ஆசையென்றால் பயிற்சி மையத்தில் சேருங்கள். போட்டி அம்புக்கு அலகே கிடையாது. இலக்கு அட்டையிலிருந்து பிடுங்க அதுதான் வசதி. தீட்டும் ஆசையை வீட்டு அரிவாள்மனையில் தீர்த்துக்கொள்ளலாம். வீட்டிலும் நல்ல பெயர் கிடைக்கும்.