எந்த ரம்பம் வாங்கலாம்?

மும்பையில் செம்பூர் பக்கம் திலக் நகர் இருக்கிறது. அங்கே ஒரு தச்சர் குடும்பம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. முன் அறைதான் பட்டறை.

சாமி மாடம், கொலுப்படி, சிறு ஊஞ்சல் எல்லாம் செய்வார். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் மராட்டிக்காரர்கள் மக்கர் கேட்பார்கள். கணபதியை வைக்கும் அலங்கார மண்டபம் அது. நம் ஊரில் வண்டி பண்ணுகிற மக்கர் இல்லை!

மாடத்துக்கும் மக்கருக்கும் வளைவுகள் வேண்டும். அவற்றைக் கை ரம்பத்தால் அறுத்தார். ஒரு மாடத்துக்கு அரை நாள் போனது. தோள் வலியும் வந்தது. ஒரு பேண்ட்சா மிஷின் வாங்கலாம் என்று நினைத்தார்.

பேண்ட்சா என்றால் பட்டை ரம்பம். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி மாலை போல ஒரு இரும்புப் பட்டை ஓடும். அதன் ஒரு ஓரத்தில் பல் இருக்கும். பட்டை மேலிருந்து கீழே ஓடுவதால் பலகை மேசையோடு அழுந்தி நிற்கும்.

இந்த யோசனைக்கு 1809ல் இங்கிலாந்தில் நியூபெரி என்பவர் காப்புரிமை வாங்கினார். ஆனால் பட்டையின் இரண்டு நுனியையும் இணைத்த இடம் அடிக்கடி அறுந்தது. உறுதியாக இணைக்கும் வழிக்கு 1846ல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் ஒரு பெண். பெயர் கிரெப்பான்.

தச்சர் முன்னே இரண்டு மிஷின்கள் இருந்தன. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒன்று புதியது. மஸ்ஜித் பந்தரில் இறங்கி நாக்தேவி தெருவில் பார்த்தார். மேசை மேல் வைக்கலாம். சக்கரம் 8 அங்குலம். 3 அங்குல உயரம் வரை மரம் நுழையும். மோட்டார் 350 வாட்.

இன்னொன்று பழையது. தாராவியில் மூடப்போகிற ஒரு பட்டறையில் நின்றது. முழுக்க வார்ப்பிரும்பு. சக்கரம் 18 அங்குலம். 10 அங்குலக் கட்டையையும் அறுக்கும். மோட்டார் 2 குதிரைசக்தி.

தச்சருக்குப் பழையது மேல் ஆசை. அதே பணத்துக்கு இவ்வளவு பெரிய மிஷினா! முன்பணம் கொடுக்கக் கிளம்பினார். மனைவியும் கூடப் போனார்.

மனைவி இரவு வகுப்பில் எழுத்தும் கணக்கும் படித்தவர். தகடு எங்கே இருந்தாலும் எண்ணைப் படித்துப் பார்ப்பார். அந்த மோட்டாரிலும் ஒரு தகடு இருந்தது. சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார்.

“என்னங்க, நம்ம வீட்டு மீட்டர்ல 240ன்னு போட்டிருக்கு. இதுல 415ன்னு இருக்கே?”

தச்சர் குனிந்து பார்த்தார். 415 வோல்ட். மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ். இந்த மோட்டார் வீட்டு மின்சாரத்தில் ஓடாது.

“மோட்டாரை மாத்திக்கலாம்” என்றார் விற்பவர். மாற்றலாம். அது உண்மைதான். ஆனால் அதற்குத் தனிச் செலவு. 2 குதிரைசக்தி மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வீட்டு வயர் அதைத் தாங்க வேண்டும். மிஷினை நிறுத்தக் கெட்டியான தரையும் வேண்டும்.

முன்பணம் கொடுக்காமல் திரும்பினார்கள்.

வீட்டில் ஆர்டர் நோட்டை எடுத்தார்கள். மனைவி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பெரும்பாலும் முக்கால் அங்குலப் பலகை வேலைதான். தடித்த மரம் எப்போதோ ஒரு முறை. அதையும் ரே ரோடு மரக்கடையில் வாங்கும்போதே அறுத்து வாங்கிவிடலாம். திலக் நகரில் ஹார்பர் ரயில் ஏறினால் ரே ரோட்டில் இறங்கலாம்.

சின்ன மிஷினில் ஒரு குறை உண்டு. பட்டைக்கும் பின்தூணுக்கும் இடையே உள்ள அகலம் 8 அங்குலத்துக்கும் குறைவு. மாடத்தின் வளைவோ 18 அங்குலம். தச்சர் யோசித்தார். வளைவை 9 அங்குலமாக இரண்டு பாதி செய்யலாம். அறுக்கும்போது குறுகிய பக்கத்தைத் தூண் பக்கம் விட்டால் போதும். நடுவில் சேர்த்து, இணைப்பின் மேல் ஒரு மரத் தாமரையைப் பதிக்கலாம். அது அழகும்கூட.

பட்டையின் அகலமும் முக்கியம். 2 நூல் பட்டை, 5 நூல் ஆரமுள்ள வளைவு வரை திரும்பும். 4 நூல் பட்டைக்கு இரண்டரை அங்குல ஆரம் வேண்டும். (8 நூல் ஒரு அங்குலம். மும்பையில் நூலை சூத் என்பார்கள்.) நுண்ணிய வேலைக்கு ஒடுங்கிய பட்டை. நேராக அறுக்க அகலப் பட்டை. சின்னச் சக்கரத்தில் தடித்த பட்டை போடாதீர்கள். மடங்கி நிமிர்ந்தே வெடித்துவிடும்.

வீட்டில் குழந்தைகள் உண்டு. அதனால் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். அறுக்கும்போது மேல் காப்பை மரத்துக்குச் சற்று மேலே வரை இறக்க வேண்டும். கையுறை கூடாது, பல் இழுத்துக்கொள்ளும். கடைசித் துண்டை விரலால் தள்ளாமல் குச்சியால் தள்ள வேண்டும். தூளுக்கு முகக்கவசம் தேவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995ல் அறிவித்தது. சமையலும் அடுத்த அறையில்தானே நடக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. உரிமம் இல்லாத மர அறுவை ஆலைகளை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்றது. மரத்தொழில் பற்றி 2016ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளிலும் பேண்ட்சாவின் பெயர் வருகிறது. மிஷின் சிறியதுதானே என்று நாமே முடிவு செய்யக் கூடாது. முதலில் வனத்துறையைக் கேட்க வேண்டும். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

மகள் மராட்டியில் மனு எழுதினாள். சக்கரம் 8 அங்குலம், மோட்டார் 350 வாட், அறுத்த பலகையை ரசீதோடு வாங்குகிறோம், முழு மரம் அறுப்பதில்லை என்று எழுதினாள். எண்களை அம்மா ஒத்துப் பார்த்தார். நகலில் முத்திரை வாங்கி வந்தார்கள். பதில் வந்த பிறகுதான் கடைக்குப் போவார்கள்.

கணக்குப் போடுங்கள்: 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 350 வாட் மோட்டார் தினம் 2 மணி நேரம் ஓடுகிறது. 30 நாளில் எத்தனை யூனிட்? ஒரு குதிரைசக்தி 746 வாட். அப்படியானால் 2 குதிரைசக்தி மோட்டாருக்கு எத்தனை யூனிட்?