ஸ்டீம்: நிறைகளும் குறைகளும்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ‘தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்’, ‘கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்’ என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருப்போம். நன்மை மூன்று, தீமை மூன்று எழுதி, “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்று முடித்தால் நல்ல புள்ளி கிடைத்துவிடும். இந்தக் கட்டுரையையும் அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால், பருவ விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது தம்பி ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணா, நீங்க வேலைக்குப் போனதும் உங்க ஸ்டீம் கணக்க எனக்குக் கொடுத்துருவீங்களா?”

“கொடுக்குறேன்டா” என்றேன். பிறகுதான் ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன்.

ஸ்டீம் என்றால் என்ன?

கணினி விளையாட்டுகளை வாங்கவும் பதிவிறக்கவும் புதுப்பிக்கவும் தொடங்கவும் உதவும் மென்பொருளே ஸ்டீம். நண்பர்கள் இதை ‘லாஞ்சர்’ என்பார்கள். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் இதனை வெளியிட்டது. 2004இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டைக் கடையில் வட்டாக வாங்கியவர்களும் இணையத்தின் வழி ஸ்டீமில் பதிந்த பிறகே விளையாட முடிந்தது. இன்றைய நிறை, குறை இரண்டிற்கும் வித்து அன்றே விழுந்துவிட்டது எனலாம்.

நிறைகள்

முதலாவது, நேர்மையாக வாங்குவதை இது எளிதாக்கியது. இடைநிலைப்பள்ளி நாள்களில் நான் திருட்டுப் பதிப்புகளைத்தான் பதிவிறக்கினேன். அவற்றுள் ஒன்றோடு வந்த நச்சுநிரல், வீட்டுக் கணினியில் இருந்த அக்காவின் இடுபணியை அழித்துவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. மூன்று இரவுகள் விழித்திருந்து மீண்டும் தட்டச்சு செய்தார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கும் தூக்கம் வரவில்லை. ஸ்டீமிலோ விலை ரிங்கிட்டிலேயே இருக்கிறது. மலிவு விற்பனைக்காகக் காத்திருந்தால், பகுதி நேர வேலை செய்யும் மாணவனும் வாங்கலாம்.

இரண்டாவது, பணத்தைத் திரும்பப் பெறும் வசதி. வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். இந்த வசதி 2015இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலியப் பயனீட்டாளர் ஆணையம் வால்வ் மீது வழக்குத் தொடுத்திருந்தது. 2016இல் அந்நாட்டு நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பயனீட்டாளர் வாய் திறந்தால்தான் உரிமை நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, 2024இல் முழுமையாக அறிமுகமான குடும்பக் குழு. ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை தங்கள் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

குறைகள்

தம்பியின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கணக்கை விற்கவோ இன்னொருவருக்கு மாற்றித் தரவோ ஒப்பந்தம் இடம் தரவில்லை. நாம் வாங்குவது விளையாட்டை அன்று. விளையாடுவதற்கான அனுமதியை மட்டுமே. 2024 அக்டோபர் முதல் பணம் செலுத்தும் பக்கத்திலேயே இதனைத் தெரிவிக்கிறார்கள். அதற்கு முன்பும் நிலைமை இதுதான், நாம்தான் படிக்கவில்லை.

அப்பா தம் இளமையில் வாங்கிய நாவல்கள் இன்று என் அலமாரியில் உள்ளன. முதல் பக்கத்தில் அவர் கையொப்பம் இருக்கும். அதன் கீழே நான் என் பெயரை எழுதியிருக்கிறேன். நாளை தம்பியும் எழுதலாம். என் சம்பளத்தில் வாங்கிய விளையாட்டுகளில் அப்படிப் பெயர் எழுத இடமில்லை.

மேலும், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்திவிட்டது. விளையாட்டு பழைய கணினியில் ஓடினாலும் அதைத் திறக்கும் கதவு திறக்காமல் போகலாம். ஸ்டீமின் இடைமுக மொழிகளில் தமிழும் இல்லை.

என்ன செய்யலாம்?

ஸ்டீமை விட்டுவிடுங்கள் என்று நான் கூற வரவில்லை. நானே விடவில்லை. ஆனால், நெடுங்காலம் வைத்திருக்க விரும்பும் விளையாட்டை 2008இல் தொடங்கிய ஜிஓஜி தளத்தில் முதலில் தேடுகிறேன். அங்கு நிறுவல் கோப்பையே பதிவிறக்கி வன்தட்டில் சேமிக்கலாம், லாஞ்சர் கட்டாயமில்லை. அங்கும் பெறுவது அனுமதிதான் என்றாலும், கோப்பு நம் கையில் இருக்கும். குறை என்னவென்றால், ஸ்டீமில் உள்ள விளையாட்டுகளில் பல அங்குக் கிடைப்பதில்லை.

முடிவுரை

தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். கணக்கைத் தர முடியாது. குடும்பக் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு நிபந்தனையும் உண்டு. என் விளையாட்டில் அவன் ஏமாற்றி ஆடித் தடை செய்யப்பட்டால், அந்த விளையாட்டில் எனக்கும் தடை விழும்.

சற்று யோசித்துவிட்டு, “அப்ப இது வாடகை வீடு மாதிரி, இல்லையாண்ணா?” என்றான்.

ஆம். வாடகை வீட்டிலும் மகிழ்ச்சியாக வாழலாம். ஆனால், குடிபுகும் முன் ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும்.