பம்பரை ஒட்டலாமா, மாற்றலாமா?

பம்பரில் விரிசல் விழுந்துவிட்டது என்றால் பெரும்பாலோர் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் பாகத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே சில எழுத்துகள் அச்சிலேயே பதிந்திருக்கும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். பெரும்பாலான பம்பர்கள் இந்த வகைதான். கூடவே இபிடிஎம், டி10 என்றிருந்தால் ரப்பரும் பத்து சதவீதம் டால்க் பொடியும் கலந்தது. கிரில், சைடு மிரர் மூடி போன்றவற்றில் ஏபிஎஸ் என்று இருக்கும். எதைக்கொண்டு ஒட்டுவது, எந்த பிரைமர் அடிப்பது என்பதெல்லாம் இந்த எழுத்தைப் பொறுத்தது.

ஏபிஎஸ் வம்பு பண்ணாத பொருள். அசிட்டோனில் கரையும், பசை பிடிக்கும், பெயிண்டும் ஏறும். பிபி-யின் மேற்பரப்போ மெழுகு பூசியதுபோல எதையும் ஒட்டவிடாது. வீட்டில் இருக்கும் எம்-சீலையும் ஃபெவிகுவிக்கையும் அதில் போட்டால் அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வரைக்கும்தான் தாங்கும்.

பிபி பம்பரில் கோடு விழுந்தால் சரியான வழி வெல்டிங். விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் கோடு நீண்டுகொண்டே போகும். பின்பக்கம் பாதிக் கனத்துக்கு வாய்க்கால் வெட்டி, அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி, பம்பரும் சேர்ந்து உருகும்படி நிரப்ப வேண்டும். பழைய பிபி பம்பரிலிருந்து அறுத்த கீற்றே நல்ல குச்சி. புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம். பல கடைகளில் ஹாட் ஸ்டேப்ளரால் நாலு கம்பியைப் பதித்து, மேலே பட்டி போட்டு முடித்துவிடுகிறார்கள். கம்பி வெல்டிங்குக்குத் துணை நிற்கலாம். அது மட்டுமே போதாது, கொஞ்ச நாளில் பெயிண்டுக்கு மேலே கோடு எட்டிப் பார்க்கும். பட்டியிலும் கவனம் வேண்டும். தகரத்துக்குப் போடும் பட்டி வளையாது, பம்பர் வளையும். பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் பட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

“பிளாஸ்டிக் பிரைமர் அடிப்பீங்களாண்ணே?” என்று பெயிண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “எல்லாம் ஒரே பிரைமர்தான் சார்” என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவது நல்லது. பிபி-யில் அந்த முதல் பூச்சு இல்லாவிட்டால், பிரஷர் வாஷரில் தண்ணீர் அடிக்கும்போது பெயிண்ட் தோலாக உரிந்துவரும்.

விரிசல் நடுப்பகுதியில் என்றால் ஒட்டுவதே லாபம். லாக்குகள் உடைந்திருந்தால் கதை வேறு. பம்பரைத் தாங்கும் இடம் அது; அங்கே போடும் ஒட்டு ஒவ்வொரு குழியிலும் அடி வாங்கும். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். பல நேரம் உடைந்திருப்பது பம்பரின் லாக் அல்ல, அதைப் பிடித்திருக்கும் சைடு பிராக்கெட். அது தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு. பம்பரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பழைய பாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டை இருக்கிறது. கலரைப் பார்த்து மயங்காமல், லாக்குகள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா, ஏற்கெனவே பட்டி போட்டதா என்று உள்பக்கம் தடவிப் பார்த்து வாங்குங்கள். பின் பம்பருக்குள் ரேடார் சென்சார் உள்ள புதிய கார்களில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். ரேடாருக்கு முன்னால் பட்டியும் கனமான பெயிண்டும் ஏறினால் அதன் பார்வை கெடும். அங்கே புது பம்பர்தான்.

“இன்சூரன்ஸ் இருக்கே, மாத்திடலாம்” என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தேய்மானம் கழிக்காத ‘நில் டெப்’ வசதி இல்லாத சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும், கார் எவ்வளவு புதிதாக இருந்தாலும். 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வருடம் கிளைம் செய்யாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் ஒரே கிளைமில் போய்விடும். போனஸுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, சின்ன விரிசலுக்குக் கைக்காசைப் போடுவதே மேல்.

இனி, வெளுத்துப்போன கறுப்பு பாகங்கள். முதலில் அது வெளுப்புதானா என்று பாருங்கள். வாக்ஸ் பாலிஷ் காய்ந்து படிந்த வெள்ளைத் திட்டாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். உண்மையான வெளுப்பு என்றால் வெயிலில் பிளாஸ்டிக்கின் மேல்தோல் சிதைந்திருக்கிறது. சிலிக்கான் திரவம் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும், இரண்டு மழையில் போய்விடும், தூசியையும் இழுக்கும். ஹீட் கன் காட்டினால் கண்ணெதிரே கறுப்பு திரும்பும். பார்க்க மாயமாகத்தான் இருக்கும். ஆனால் சில மாதங்களில் பழையபடி வெளுக்கும், திரும்பத் திரும்பக் காட்டினால் சொரசொரப்பு உருகி வழவழவென்று ஆகிவிடும். பெயிண்ட் அடித்தால் கல் பட்ட இடமெல்லாம் உரியும். என் ஓட்டு, பிளாஸ்டிக் டிரிம் கோட்டிங்குக்கு. விலை கூடுதல்தான், மற்றவற்றைவிட நீடித்து நிற்கும். ஒரே நிபந்தனை: பூசும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பழைய சிலிக்கானை அடியோடு எடுத்துவிட வேண்டும்.

மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்குப் பற்பசை தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பளிச்சென்று ஆகும்; ஆனால் பாலிகார்பனேட்டைக் காத்த புறஊதாப் பூச்சில் மிச்சமிருந்ததும் அதோடு போவதால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். 800-இல் தொடங்கி 3000 வரை வாட்டர் பேப்பர் போட்டு, பாலிஷ் செய்து, புறஊதா தாங்கும் கிளியர் கோட் அடித்தால்தான் நிலைக்கும். அந்தக் கிளியர் ஹார்டனர் கலக்கும் 2கே வகை என்றால் அதில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு போர்ட்டிகோவில் அடிக்காதீர்கள். பெயிண்ட் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.