கருத்த கத்தாழையும் நிறத்தின் அளவையும்

தரங்கம்பாடி மீனவர் கத்தாழை என வழங்கும் மீன்களுள் ஓரினத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் ஜானியஸ். டேனியர் காலத்தில், 1771இல் இவ்வூருக்கு வந்து 1813இல் இங்கேயே மறைந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், இக்கரை மீன்களைச் சாராயத்தில் இட்டுப் பெர்லின் மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பி வந்தார். அவர் நினைவாக 1793இல் பிளாக் அமைத்த பெயர் அது. அவ்வினத்துள் ஒன்று 'ஜானியஸ் கருட்டா'. இலத்தீன் உடை உடுத்தியிருப்பினும் அது நம் 'கருத்த' என்னும் பெயரெச்சமே. காரி, குரால் என ஏறுகளை நிறத்தால் அழைத்த முல்லைக்கலியைப் பயில்வோர்க்கு இதில் வியப்பில்லை.

கருத்தது என்றால் எவ்வளவு கருத்தது? ஏலக்காரருக்கு இவ்வினா வேண்டுவதில்லை. ஆனால் ஆற்றுமுகத்து மீனையும் ஆழ்கடல் மீனையும், குஞ்சையும் வளர்ந்ததையும் நிறத்தால் ஒப்பிட விழைவோர்க்குச் சொல் மட்டும் போதாது. சாராயத்தில் கிடந்த உடல் நிறம் இழக்கும். பெர்லின் ஓவியர் அதைக் கொண்டு உயிர்நிறத்தை அறிதல் அரிது.

இன்று கைப்பேசியிலேயே எண்மப் படம் எடுக்கிறோம். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையிலான எண்களாக அமைகின்றன. எண் வந்துவிட்டது, அளவை முடிந்தது என மாணவர் மகிழ்கின்றனர். நாம் அவ்விடத்தில்தான் அவர்களைச் சற்று நிறுத்த வேண்டியவராகிறோம். அதே மீனை விடியலில் மணல்மீதும், பின்னர் நீலத் தார்ப்பாயின் நிழலிலும் படமெடுத்தால் எண்கள் மாறும். மாறியது மீனன்று, ஒளி. கருவியும் தானே வெண்மையைத் திருத்தி, பார்வைக்கு இனிதாக்கித் தருகிறது. அன்றியும், சாதாரணப் படத்தில் எண் இரட்டித்தால் ஒளியும் இரட்டித்தது என்று பொருளன்று.

ஆதலின், விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றை மீனருகே, அதே ஒளியில் வைத்தல் வேண்டும். எதிரொளிப்பு முன்பே தெரிந்த பல சாம்பல் கட்டங்கள் உள்ள அட்டையாயின் இன்னும் நன்று; எந்த எண்ணுக்கு எவ்வளவு ஒளி என்பதை அவற்றைக் கொண்டே வகுக்கலாம். கருவி திருத்தாத மூலக்கோப்பைச் சேமித்தலும் இன்றியமையாதது. ஈரச் செதிலின் பளபளப்பு விழுந்த பகுதியைக் கணக்கில் சேர்த்தலாகாது. இறந்தபின் தோலின் நிறமி உயிரணுக்களுள் நிறமி குவிந்தும் பரவியும் நிறத்தை மாற்றுமாதலால், பிடித்த நேரத்தையும் குறிக்க வேண்டும். இதனை மறப்பவரே மிகுதி.

இவ்வளவு செய்தும் கிடைப்பது மனிதக் கண்ணுக்கென அமைந்த கருவியின் அளவையே. பறவைகள் பல காணும் புறஊதா ஒளி இதற்குப் புலப்படாது. மீனைக் கொத்தும் பறவைக்கு அது எவ்வாறு தோன்றும் என்று ஆராய வேண்டுமாயின் வேறு வில்லையும் வேறு வடிகட்டியும் தேவை. கத்தாழையின் கருமையை ஒப்பிடுவதற்கு அட்டையும் குறிப்பேடும் போதும். கூடை கவிழ்க்கப்படுமுன் அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளல் நலம். ஏலம் நமக்காகக் காத்திராது.