வானுக்கும் வரப்பு உண்டு

நுழையும்முன்

நிலத்துக்கு வரப்பையும் நீருக்குக் கரையையும் வகுத்துக்கொண்ட மனிதன், இன்று வானுக்கும் எல்லை வகுக்கிறான். ‘ட்ரோன்’ எனப்படும் ஆளில்லா வானூர்தியே அத்தேவையை உருவாக்கியது. அதனைத் தடுக்கும் காவல்துறையின் அதிகாரம், அதையே தொழிலாகக் கொண்டோரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோடியக்கரையின் வானம்

வங்கக்கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்தது கோடியக்கரை. 1967இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2002இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இங்கு வெளிமான்கள் திரிகின்றன. பூநாரைகள் வலசை வருகின்றன. கடலுக்கு அப்பால் இலங்கை. ஆதலின், இவ்வானம் பறவைகளுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் உரியது. உள்நாட்டு நெல்வயல்களின் மேலோ, அது உழவருக்கும் உரியதாகிறது. கைத்தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடந்து செய்த வேலையை ட்ரோன் சில நிமிடங்களில் முடிக்கிறது.

சட்டம் வகுத்த எல்லை

‘ட்ரோன் விதிகள், 2021’ வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பகுக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை பறக்க முன்அனுமதி தேவையில்லை. எனினும், அவசரத் தேவை எழுமாயின் மாநில அரசோ காவல்துறையோ ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே அதனை அறிவித்தல் வேண்டும். ஒருமுறை அறிவிக்கும் தடை 96 மணி நேரத்தைக் கடத்தல் கூடாது. ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வான்வரைபடத்திலும் அது காட்டப்பட வேண்டும்.

இவ்வதிகாரம் காரணமின்றி எழுந்ததன்று. 2018 டிசம்பரில், ட்ரோன்கள் தென்பட்டதாக வந்த தகவல்களால் இலண்டனின் கேட்விக் வானூர்தி நிலையம் முடங்கியது. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்கள்வழி வெடிபொருள்கள் வீசப்பட்டன.

தடையும் தொழிலும்

96 மணி நேரம் என்பது நான்கு நாள். நெற்பயிரின் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் நான்கு நாள் காத்திராது. திருமணத்தைப் படம்பிடிப்பவருக்காக முகூர்த்தமும் தள்ளிப்போகாது. நாகப்பட்டினத்தில் நிகழும் விழாவிற்காக மாவட்டம் முழுவதையும் தடைசெய்தால், 50 கிலோமீட்டருக்கு அப்பால் மருந்து தெளிப்பவரும் வேலையிழப்பார். தடைப்பரப்பு மிகாதவாறு அலுவலர் முயல வேண்டும் என்று விதியே கூறுவது இதனாற்றான்.

அலைவரிசையை முடக்கித் தடுக்கும்போது மற்றோர் இடரும் உண்டு. இயக்குபவரின் தொடர்பை இழந்த ட்ரோன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பலாம். நின்ற இடத்திலேயே இறங்கலாம். கீழே விழவும் கூடும். மருந்துக்கலத்துடன் அது விழுமிடத்தில் ஆட்கள் நின்றால் என்னாகும்?

எனவே, பொறுப்பு இருபாலார்க்கும் உரியது. இயக்குபவர் ஒவ்வொரு முறையும் வான்வரைபடத்தைப் பார்த்தல் வேண்டும். ட்ரோனின் தனி அடையாள எண்ணையும் தமக்குரிய தொலைவிட வானோட்டிச் சான்றிதழையும் உடன்வைத்திருத்தல் நன்று. காவல்துறை இயன்றவரை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அடையாளம் கேட்டறிய வாய்ப்புள்ள இடத்தில் வீழ்த்த முனைதல் கூடாது. வரப்பு வயலைக் காப்பதற்கே; வயலை விழுங்குவதற்கன்று.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நான்கு நாள் ட்ரோன் தடை அறிவிக்கப்பட்டால், எவரெவர் தொழில் பாதிக்கப்படும்? தடையின் பரப்பை எவ்வாறு குறைக்கலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.