மேக்ரோவை எங்கே வைப்பது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

1993இல் எக்செல் 5.0 உடன் வந்த விபிஏ மொழியில், வரிகள் சரியாக இருந்தாலும் வைத்த இடம் தவறினால் மேக்ரோ ஓடாமல் போகலாம், வேறு வேலையைச் செய்துவிடவும் கூடும். ராமேஸ்வரம் விசைப்படகு ஒன்றின் கணக்கு ஃபைலை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: ஒரு ஷீட்டில் டீசல், ஐஸ் செலவு, அடுத்ததில் இறால், நண்டு, கணவாய் விற்ற பணம், மூன்றாவதில் ஆட்களின் பங்கு.

நம்பிக்கை 1: எந்த ஷீட்டுக்கான மேக்ரோவோ, அந்த ஷீட்டின் மாட்யூலில்தான் (அதற்குரிய நிரல் பக்கத்தில்தான்) எழுத வேண்டும்.

உண்மை: ஷீட் மாட்யூல் அந்த ஷீட்டில் நடக்கும் நிகழ்வுகளுக்கானது. இறால் எடையை மாற்றியதும் தேதி தானாகப் பதிய வேண்டுமானால், அதற்கான வொர்க்‌ஷீட்_சேஞ்ச் அங்கே இருக்க வேண்டும். பங்கு பிரிக்கும் ஃபங்ஷனை அங்கே எழுதிவிட்டுச் செல்லில் அதன் பெயரை இட்டால், பெயர் தெரியாது என்ற பிழையே வரும். ஃபங்ஷன்களுக்கும் பொதுவான மேக்ரோக்களுக்கும் உரிய இடம் ஸ்டாண்டர்ட் மாட்யூல்.

நம்பிக்கை 2: எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் மாட்யூலிலேயே வைத்துவிடலாம்.

உண்மை: நிகழ்வு மேக்ரோக்கள் அங்கே சும்மா கிடக்கும், பிழைச் செய்திகூட வராது. உதாரணமாக, கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் ஃபைலைத் திறந்ததும் எச்சரிக்கை வர வேண்டுமானால், வொர்க்புக்_ஓப்பன் ‘திஸ்வொர்க்புக்’ மாட்யூலில் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் மாட்யூலில் இயங்குவது பழைய ஆட்டோ_ஓப்பன்.

நம்பிக்கை 3: இடம் மாற்றினாலும் அதே வரிகள் அதே வேலையைத்தான் செய்யும்.

உண்மை: ஷீட்டின் பெயரைச் சொல்லாமல் ரேஞ்ச் என்று எழுதினால், ஷீட் மாட்யூலில் அது அந்த ஷீட்டையே குறிக்கும். ஸ்டாண்டர்ட் மாட்யூலிலோ, அந்த நேரத்தில் எந்த ஷீட்டில் வேலை நடக்கிறதோ அதைக் குறிக்கும். டீசல் செலவை அழிக்க எழுதிய மேக்ரோ ஆட்களின் பங்கை அழித்துவிடலாம். அன்டூ கொடுத்து மீட்கவும் முடியாது. கடலில் உழைத்தவரின் கூலிக் கணக்கு அது. எங்கே எழுதினாலும் ஷீட்டின் பெயரையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு.

நம்பிக்கை 4: பெர்சனல் மேக்ரோ வொர்க்புக்கில் வைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும்.

உண்மை: அது ஒரே கணினியில் தங்கும். மண்டபத்தில் அப்படி எழுதிய மேக்ரோ, பாம்பனுக்கு அனுப்பும் ஃபைலோடு போகாது. கூடவே போக வேண்டுமானால் அந்த ஃபைலுக்குள் எழுதி, எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்க வேண்டும்; எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது. பல ஃபைல்களுக்கு ஒரே மேக்ரோ தேவைப்பட்டால், அதை ஆட்-இன் ஆக்கி ஒவ்வொரு கணினியிலும் நிறுவலாம்.