புட்வால்வின் வாசரை மாற்றுதல்

கிணற்று நீரைக்கொண்டு வெங்காயமும் மிளகாயும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர், இயந்திரத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும் பம்பிற்கு நீர் வார்க்க வேண்டியிருப்பதாக முறையிடுவர். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வு நீரைத் தாங்கி நிறுத்தத் தவறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். நீரின்றி ஓடும் பம்பின் சீல் சூடேறிக் கெட்டுவிடும். சிறு றப்பர் வாசரைக் கவனியாது விட்டவர் பம்பிற்கே செலவு செய்ய நேரிடும்.

செய்யவேண்டியவை:

1. இயந்திரத்தை நிறுத்திக் குழாயை மேலே இழுத்து, வால்வைக் கழற்றுக.

2. சல்லடையிலுள்ள பாசியையும், வாசரின் கீழ்ச் சிக்கிய மணலையும் நீக்குக. இவ்வளவிலேயே ஒழுக்கு நின்றுவிடுதலும் உண்டு.

3. வாசர் இறுகியோ வெடித்தோ இருப்பின், அதனை அச்சாக வைத்து, அதே தடிப்புள்ள றப்பர்த் தகட்டில் புதியதை வெட்டுக. மெல்லிய தகடு நீரின் பாரத்தால் வளையும். தடித்தது நன்கு திறவாது.

4. வாசர் அமரும் விளிம்பை விரலால் தடவிப் பார்க்குக. அது அரிக்கப்பட்டிருப்பின் புதிய வாசரும் பயன் தராது. வால்வையே மாற்றுதல் வேண்டும்.

5. குழாயில் பூட்டுமுன் வால்வை நிமிர்த்திப் பிடித்து, நீர் வார்த்து, 10 நிமிடம் பார்க்குக. ஒழுகாவிடின் பூட்டலாம்.

சல்லடை எப்பொழுதும் நீரில் அமிழ்ந்து, கிணற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ 1 அடி உயரத்தில் நிற்றல் வேண்டும்.

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தது கருதி, எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு உயிரைப் போக்கும். பயிரை மறுபோகத்திலும் செய்யலாம். போன உயிர் மீளாது.